முள் காட்டிய வேகம்

ஆராதனை முடிந்ததும் கிரேஸைப் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் விட்டுவிட்டு நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன், சட்டையைக்கூட மாற்றவில்லை, நேராகப் பின்புறச் சாய்ப்புக்குப் போய் வண்டியின் மேலிருந்த தார்ப்பாயை உருவிப் போட்டேன். இவ்வளவு நாளும் இதன் பக்கமே வராமல் இருந்திருக்கிறேன், துணி காயப்போட வருகிற கிரேஸ்கூட இதைச் சுற்றிக்கொண்டுதான் போவாள். அப்பா வாங்கிய வண்டி, ஒற்றை சிலிண்டர், கறுப்பு டாங்கில் தங்கக் கோடு, அப்பாவுக்குப் பிறகு ஆர்.சி. என் பேருக்கு மாறியதே தவிர ஓட்டியதெல்லாம் என் தம்பி ஜெயசிங்தான். எனக்கு இதன் சத்தம் ஆகாது, அவனுக்கு அந்தச் சத்தம்தான் வேண்டும், இந்தச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே என் மகள் பெனிட்டா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள். வலது பக்கம் முழுக்கத் தரையில் இழுபட்டுத் தோல் உரிந்திருக்கிறது, கால்வைக்கிற கட்டை மேல்நோக்கி வளைந்திருக்கிறது, பின்சீட்டின் மடிப்புகளில் வெள்ளையாக உப்பு காய்ந்து கிடக்கிறது, மற்றபடி முன்சக்கரத்துக்கு ஒன்றுமில்லை, ஹெட்லைட்டுக்கு ஒன்றுமில்லை, ஹெட்லைட்டின் தலையில் பதிந்திருக்கிற ஸ்பீடாமீட்டர் கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. ஓட்டியவனுக்கு முழங்கையில் தையல். பின்னால் இருந்த பெனியைத்தான் உப்பளத்து வளைவில் பாலத்தின் கட்டைச் சுவர் எடுத்துக்கொண்டது. லாரியில் அள்ளிக்கொண்டு போகிற உப்பு அந்த வளைவில் சிந்திக்கொண்டே இருக்கும், எல்லாருக்கும் தெரியும், அங்கே வந்தால் எல்லாரும் வேகத்தைக் குறைப்பார்கள், நானும்தான், எத்தனை வருஷமாகக் குறைத்திருக்கிறேன், அவன் குறைத்தானா, அதுதான், அது ஒன்றுதான். ஸ்டேஷன் வாசலில் துருப்பிடித்த வண்டிகளோடு மழையும் வெயிலும் தின்றுகொண்டு கிடந்ததை, வழக்கு முடியும்வரை விற்கமாட்டேன், எதையும் மாற்றமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டு நான்தான் எடுத்துவந்தேன். செவ்வாய்க்கிழமை என்னைக் கூண்டில் ஏற்றுவார்கள். வண்டி உங்களுடையதுதானே, ஆமாம். நல்ல நிலையில் இருந்ததா? வக்கீல் சொல்லிவிட்டார், இதை மட்டும்தான் கேட்பார்கள், யோசித்துச் சொல்லுங்கள், உங்கள் தம்பி உள்ளே போவதும் வெளியே இருப்பதும் அதில் இருக்கிறது என்று. யோசித்து யோசித்து மண்டை காய்ந்துபோய்த்தான் ஸ்குரூடிரைவரோடு இங்கே வந்து நிற்கிறேன்.

நாப்பது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் போய்ச் சேர்ந்தபோது அவன் சுவரோடு ஒட்டிக் குத்தவைத்திருந்தான், சட்டையெல்லாம் ரத்தம், யாருடைய ரத்தம் என்று பார்க்க எனக்குத் தைரியமில்லை, நாப்பதுலதாண்ணே வந்தேன், நாப்பதுலதான் வந்தேன், அதையே சொல்லிக்கொண்டிருந்தான். நான் அவன் முடியைப் பிடித்து நிமிர்த்தி, நாப்பதுல விழுந்தா புள்ள சாகுமால, என்றேன். அதுதான் நான் அவனிடம் கடைசியாகப் பேசியது. அடக்கத்துக்கு வந்தான், கல்லறைத் தோட்டத்து வாசல் வேப்பமரத்துக்கு அப்பால் வரவில்லை, நான் வரவிடவில்லை. அதன்பிறகு காலையில் கண் முழிக்கும்போது பெனி இல்லை என்பது ஞாபகம் வருவதற்கு ஒரு நொடி முன்னால் அந்த நாப்பது வந்து நிற்கும், பல் தேய்க்கும்போது, பஸ்சுக்கு நிற்கும்போது, தொழிற்சாலையில் கேஜைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் மாட்டும்போது, நாப்பது. நான் செய்கிற வேலையே அதுதான், ரசாயனத் தொழிற்சாலையில் கருவிப் பிரிவு, அழுத்தம் காட்டுகிற முள், வெப்பம் காட்டுகிற முள், எந்த முள்ளையும் அதன் வாக்குக்கு நம்பக்கூடாது, பக்கத்தில் சரியான ஒன்றை வைத்து ஒப்பிட்டுப் பார்த்துத்தான் நம்பவேண்டும். முப்பது வருஷமாக அதைச் செய்கிறவன், இந்த முள்ளை மட்டும் ஏன் பார்க்கவில்லை? ஏன் என்று எனக்குத் தெரியும். முள் சரியாக இருந்தால் அவன் பொய்யன், நான் இத்தனை நாள் அவனை வெறுத்தது நியாயம். முள் தப்பாக இருந்தால்? அதற்கு மேல் யோசனை போகாது, பள்ளத்தில் விழுந்த சக்கரம் மாதிரி அங்கேயே சுற்றும். முள் சரியாக இருக்கவேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டு வந்தேன், இன்றைக்குக் கோயிலில் முழங்காலில் நிற்கும்போதும் அதைத்தான் வேண்டினேன், வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதைத்தான்.

முதலில் கேபிள். முன்சக்கரத்திலிருந்து மீட்டருக்குப் போகிற கேபிள், அதற்குள்ளே ஒரு முறுக்குக் கம்பி, சக்கரம் சுற்றினால் கம்பி சுற்றும், கம்பி சுற்றினால் மீட்டருக்குள் இருக்கிற காந்தம் சுற்றும். கேபிள் எங்காவது மடிந்திருந்தால் முள் நடுங்கும், உள்ளே கிரீஸ் காய்ந்திருந்தால் முள் திக்கித் திக்கி ஏறும். உருவிப் பார்த்தேன், கம்பி சுத்தமாக, வழவழப்பாக இருந்தது, ஜெயசிங் போட்ட கிரீஸ், அளவாகப் போட்டிருக்கிறான், இதிலெல்லாம் சோம்பல் கிடையாது அவனுக்கு, சின்ன வயதிலிருந்தே. அப்பா இறந்த வருஷம் அவன் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தான், சைக்கிள் செயினை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துடைப்பான், கைவிரல் எல்லாம் கறுத்துப் போய்ச் சோற்றில் கைவைப்பான், நான் மண்டையில் தட்டுவேன், சிரிப்பான். நினைக்கக்கூடாது. டயர் பழைய அளவுதான், சக்கரத்தடியில் இருக்கிற பல்சக்கரமும் பழையதுதான். அப்படியானால் இனி உட்கார்ந்து பார்க்க ஒன்றுமில்லை, ஓட்டித்தான் பார்க்கவேண்டும். வாசலில் கேட் சத்தம் கேட்டது, கிரேஸ் வந்துவிட்டாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பின்கட்டுக்கு வந்தவள் தார்ப்பாய் தரையில் கிடப்பதையும் என்னையும் பார்த்து அப்படியே நின்றாள்.

“என்ன செய்யுதீங்க?”

“மீட்டரப் பாக்கேன்.”

“பாத்து?”

“அவன் நாப்பதுன்னு சொன்னாம்லா. மீட்டர் சரியான்னு பாக்கணும்.”

அவள் கையிலிருந்த பைபிளையும் பாட்டுப்புத்தகத்தையும் துணி துவைக்கிற கல்லின்மேல் வைத்தாள். “இதுக்குள்ள கெடந்து என்னத்தத் தேடுதீங்க,” என்றாள், “புள்ளயா இருக்கா இதுக்குள்ள?” கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு, “பின்சீட்டத் தொடைக்காதீங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உதைத்த உதையில் கால் வலித்தது, பெட்ரோல் மாற்றி ஊற்றி, பிளக்கைத் துடைத்து, மறுபடி உதைத்து, கடைசியில் உறுமிக்கொண்டு பிடித்தபோது அந்தச் சத்தம் அடிவயிற்றில் வந்து இடித்தது, எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது, திறக்கட்டும், என்ன நினைப்பார்கள், மகளைக் கொன்ற வண்டியில் ஊர்வலம் போகிறான் என்று நினைப்பார்கள், நினைக்கட்டும். வளைந்த கட்டையைச் சுத்தியலால் தட்டியதில் கால்வைக்கிற அளவுக்கு நிமிர்ந்திருந்தது. போனை ஹேண்டில்பாரில் ரப்பர்பேண்ட் போட்டுக் கட்டியிருந்தேன், வேகம் காட்டுகிற ஆப், வானத்திலிருந்து பார்த்துச் சொல்வது, இதுதான் என்னுடைய சரியான கருவி, அந்தப் பழைய முள்தான் சோதிக்கப்படுகிறது. திருச்செந்தூர் ரோட்டில் ஏறித் தெற்கே திரும்பினேன். முதலில் தூரத்தைப் பார்த்தேன், ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல், அடுத்த கல், மீட்டரில் கிலோமீட்டர் எண்ணுகிற சக்கரம் கல்லுக்குக் கல் சரியாகப் புரண்டது, அது நேராகப் பல்லோடு பல் கடித்து ஓடுவது, அது சரியென்றால் கேபிள் வரைக்கும் எல்லாம் சரி. மிச்சம் முள்தான். முள்ளைக் காந்தம்தான் இழுக்கிறது, ஒரு கம்பியும் அதைத் தொடுவதில்லை, காந்தம் சுற்றச் சுற்ற அலுமினியக் கிண்ணம் அதன் பின்னால் போகப் பார்க்கும், மயிரிழை மாதிரி ஒரு சுருள் வில் அதைப் பின்னால் இழுக்கும், அந்த இழுபறியில் முள் எங்கே நிற்கிறதோ அதுதான் வேகம். முறுக்கினேன். முள் இருபதைத் தாண்டியது, முப்பது, காற்று காதை அடைத்தது, இரண்டு பக்கமும் உப்பளம் வெள்ளையாக எரிந்தது, கண்ணைச் சுருக்கிக்கொண்டு முள்ளையே பார்த்தேன், நாற்பது. நாற்பதில் பிடித்து நிறுத்தினேன். போனைப் பார்த்தேன். அறுபத்திரண்டு. இல்லை, போனில் ஏதோ தடங்கல் என்று நினைத்தேன், இரண்டு தொழிற்சாலைப் புகைக்கூண்டுகளுக்கும் நடுவே வானம் ஒரு துண்டு மேகம்கூட இல்லாமல் கிடந்தது. மெதுவாகக் குறைத்தேன், மறுபடி ஏற்றினேன், மறுபடி நாற்பது, மறுபடி அறுபத்திரண்டு. எதிரே வந்த லாரி ஹாரனை அலறவிட்டுக்கொண்டு போனது, நான் ரோட்டின் நடுவில் போய்க்கொண்டிருந்தேன். அப்போது வளைவு வந்தது. கட்டைச் சுவர், அதில் யாரோ சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள், புதுச் சுண்ணாம்பு, எதையும் மறைக்கவென்று அடித்திருக்கமாட்டார்கள், சும்மா அரசாங்க வேலை, தார் மேல் உப்பு சிந்தி மினுங்கியது, பிரேக்கில் கால்வைக்க எனக்குப் பயம், வைக்காமல் இருக்கவும் பயம், பின்சீட்டில் கனம் இருப்பது மாதிரி முதுகு கூசியது, திரும்பிப் பார்க்காதே, திரும்பிப் பார்க்காதே, வண்டி தானாகவே வேகம் குறைந்து ஊர்ந்து கடந்தது. அந்தப் பக்கம் போய் ஓரமாக நிறுத்தி இறங்கிக் கருவேலமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாப்பதுலதாண்ணே வந்தேன். வந்திருக்கிறான். நாற்பதைப் பார்த்துக்கொண்டு அறுபதுக்கு மேல் வந்திருக்கிறான்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை, கைலிக்கு மாறிச் சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பரை விரித்து மீட்டரைக் கழற்றி வைத்து உட்கார்ந்திருந்தேன். முன்விளிம்பு வளையத்தை மெதுவாக நெம்பி நெம்பி எடுக்கவேண்டும், அவசரப்பட்டால் கண்ணாடி தெறிக்கும். உள்ளே தூசி இல்லை, எண்ணெய்ப் படலம் இல்லை, கிண்ணம் உரசவில்லை, காந்தத்தின் பக்கத்தில் ஒரு குண்டூசியைக் கொண்டுபோனேன், தொட்டபிறகுதான் ஒட்டியது, அதுவும் மனசில்லாமல். காந்தம் செத்துக்கொண்டிருக்கிறது. வயசானால் அப்படித்தான், சூட்டிலும் அதிர்ச்சியிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சக்தி போகும், ஒருநாளில் போவதில்லை, ஓட்டுகிறவனுக்குத் தெரியாது, மாசத்துக்கு மாசம் முள் சோம்பிக்கொண்டே வரும், அவனும் அதற்குப் பழகிக்கொண்டே வருவான். யாரும் செய்த தப்பில்லை. இதை எங்கே கொண்டுபோய் வைப்பது, யாரும் செய்த தப்பில்லை என்பதை? ஒருவன் செய்தான் என்று இருந்தபோது எனக்கு ஒரு வேலை இருந்தது, காலையில் எழுந்ததும் அவனை வெறுக்கவேண்டும், அதைக் கையில் பிடித்துக்கொண்டு நாளைக் கடந்துவிடலாம். இப்போது கை சும்மா இருக்கிறது. கை சும்மா இருக்காது என்பதுதான் கொடுமை, நான் இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே என் கை இடுக்கியை எடுத்துச் சுருள்வில்லின் வாலைப் பிடியிலிருந்து தளர்த்திக்கொண்டிருந்தது, காந்தம் பலவீனமானால் வில்லையும் தளர்த்தவேண்டும், கொஞ்சம் நீளம் விட்டால் முள் எளிதாக ஏறும், மயிரிழை அளவு, அப்புறம் இன்னொரு மயிரிழை, டிரில் மெஷினைக் கேபிளில் மாட்டி ஓட்டி, சுற்றை எண்ணுகிற கருவியால் சுற்றைப் பார்த்து, அறுபது காட்டவேண்டிய இடத்தில் ஐம்பத்தைந்து, இன்னும் கொஞ்சம் விடு, அறுபத்துமூன்று, கூடிவிட்டது, திரும்பு, அறுபது. நாற்பதுக்கு நாற்பது. இருபதுக்கு இருபது. நல்ல வேலை செய்தால் வருகிற சின்னத் திருப்தி நெஞ்சில் வந்தேவிட்டது, பிறகுதான் மேசையைப் பார்த்தேன், என்ன செய்துவைத்திருக்கிறேன் என்பது புரிந்தது. எதையும் மாற்றமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவன். மீட்டர் தப்பு என்பதற்கு இருந்த ஒரே சாட்சி இந்த மீட்டர்தான். அதை நான் சரிசெய்துவிட்டேன். இனி எந்த இன்ஸ்பெக்டர் வந்து ஓட்டிப் பார்த்தாலும் நாற்பதுக்கு நாற்பது காட்டும், ஜெயசிங் பொய்யன் என்று காட்டும். வில்லைத் திரும்ப இறுக்கலாம், இறுக்கி அறுபத்திரண்டைத் திரும்ப நாற்பதாக்கலாம், ஆனால் அதன்பிறகு அது நான் செய்த தப்பு, வண்டியில் இருந்த தப்பில்லை, எனக்குத் தெரியும். இடுக்கியைக் கீழே வைத்தேன்.

“கிரேஸ்,” என்றேன். அவள் அடுக்களையிலிருந்து வந்தாள். “அவன் நம்பர் இருக்கா ஒன்ட்ட?”

“இருக்கு,” என்றாள். ஏன் அழிக்கவில்லை என்று நான் கேட்பதற்குள் அவளே போட்டுக் காதில் வைத்து, “ஜெயா, ஒங்க அண்ணன் வரச்சொல்லுதாங்க,” என்றாள். எவ்வளவு நாளாக இவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள்?

அவன் டவுன் பஸ்ஸில் வந்தான், இப்போதெல்லாம் எந்த வண்டியிலும் கைவைப்பதில்லையாம், இதுவும் கிரேஸ் சொன்னதுதான். கேட்டுக்கு வெளியே நின்றான், தாடி, சட்டை தோளிலிருந்து தொங்கியது, உடம்பு என்று ஒன்று இல்லை. “வா ஜெயா, ஏன் அங்கயே நிக்க,” என்று அவள்தான் கூட்டிவந்தாள். மேசையில் மீட்டரைப் பார்த்ததும் அவன் கால் நின்றுவிட்டது. நான் எழுந்திருக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன், எல்லாவற்றையும், கல், போன், அறுபத்திரண்டு, காந்தம், நீ பாத்தது நாப்பதுதான், நீ பொய் சொல்லல, நான்தான் கெடுத்துட்டேன், சரிபண்ணித் தொலச்சுட்டேன், ஆனா செவ்வாய்க்கெழம கூண்டுல ஏறி இத அப்படியே சொல்லுதேன், எனக்கு என்ன ஆனாலும் சொல்லுதேன். சொல்லி முடித்து நிமிர்ந்தேன். அவன் முகம் மலரும் என்றா எதிர்பார்த்தேன்? எதையோ எதிர்பார்த்தேன். அவன் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சொல்லாதீங்கண்ணே.”

“ஏம்ல?”

“நான் மீட்டரப் பாக்கவே இல்ல.”

அவன் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தான். “ஆஸ்பத்திரில போலீஸ்காரர் கேட்டாரு, என்ன வேகத்துல வந்தன்னு. எனக்கு என்னன்னு தெரியும்? என்னமாவது சொல்லணும்லா, நாப்பதுன்னு வாயில வந்துச்சு. பெறகு நீங்க வந்துட்டீங்க. ஒங்ககிட்ட மாத்திச் சொல்ல முடியல. சொல்லச் சொல்ல எனக்கே அது நாப்பதுதான்னு ஆயிப்போச்சு.” என் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று பழையபடி எழுந்து நிற்கப் பார்த்தது, வெறுப்புதான், வா வா என்று அதைக் கூப்பிட்டேன், எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் அது உட்கார்ந்துவிட்டது. “பின்ன எப்படித்தாம்ல விழுந்த?” என்றேன். அவன் முழங்கையிலிருந்த தையல் தழும்பைத் தடவிக்கொண்டே இருந்தான். “வளைவு வருதுன்னு தெரியும்ணே. உப்பு கெடக்கும்னும் தெரியும், தெனம் போற ரோடுதான. பெனி பின்னால இருந்து என்னமோ சொன்னா. காத்துல கேக்கல. என்ன பெனின்னு திரும்பிட்டேன். அவ்வளவுதான். கண்ண எடுத்துட்டேன். வேகத்துனால இல்லண்ணே. இல்ல, வேகமும்தானோ என்னமோ. திரும்புனதுதான் எனக்குத் தெரியும். செவ்வாய்க்கெழம நானே சொல்லிருதேன்.”

சொல்லிவிடு என்றேனா, சொல்லாதே என்றேனா தெரியவில்லை, ஏனென்றால் என் மண்டையில் அப்போது கோர்ட்டும் இல்லை, மீட்டரும் இல்லை, என்ன சொல்லியிருப்பாள், என்ன சொல்லியிருப்பாள், மெதுவாகப் போங்க என்றா, பசிக்குது என்றா, தண்ணீரில் நிற்கிற கொக்குகளைப் பார்க்கச் சொன்னாளா, பரீட்சையைப் பற்றியா, என்னைப் பற்றி ஏதாவதா, அப்பாட்ட சொல்லாதீங்க என்று எதையாவதா, அவளுக்கு ஆயிரம் இருக்கும், நான் கேட்டதே இல்லை, நாப்பது இருந்த இடத்தில் இனி இதுதான் வந்து நிற்கப்போகிறது, இதற்கு ஒப்பிட்டுப் பார்க்க எந்தக் கருவியும் கிடையாது. கிரேஸ் டம்ளரோடு கதவில் சாய்ந்து நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். டம்ளரை மேசையில் வைத்துவிட்டு அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

“ஒரு வார்த்தகூடக் காதுல விழலயா ஜெயா?”

“சித்தப்பான்னு கூப்புட்டது கேட்டுச்சு மைனி. அதுக்கு மேல காத்துதான்.”

“எப்படிக் கூப்புட்டா?”

அவன் புரியாமல் என்னைப் பார்த்தான். நான் அவளைப் பார்த்தேன். அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, வாய் மட்டும் சற்றே திறந்திருந்தது, தாகமெடுத்தவள் மாதிரி. “அவ எப்படிச் சொன்னாளோ அப்படியே சொல்லு,” என்றாள். அவன் தொண்டையைச் செருமினான், தலையைக் குனிந்துகொண்டான், பிறகு பெனி எப்போதும் கூப்பிடுகிற மாதிரியே, கடைசி எழுத்தை மேலே தூக்கி நீட்டி, “சித்தப்பாஆ,” என்றான்.

கிரேஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

“இன்னொருக்கச் சொல்லு.”